லேப்டாப் ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது இடம் பார்ப்பதா, வேகம் பார்ப்பதா?

எங்கள் சொந்தத்தில் யாருடைய லேப்டாப் மெதுவானாலும் அது கடைசியில் சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். நான் கம்ப்யூட்டர் கடைக்காரன் இல்லை, நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டே வருகிறார்கள். "மாமா, 500 ஜிபி நிறைஞ்சு போச்சு, அதான் ஸ்லோவா இருக்கு, 2 டிபி போட்டுக் குடுத்துருங்க." நிறைந்து போனது ஒரு பிரச்சினை, மெதுவானது வேறொரு பிரச்சினை, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரே மருந்து போதும் என்று தோன்றிவிடுகிறது.

நானே இந்தத் தப்பைச் செய்தவன்தான். பழைய 500 ஜிபியைக் கழற்றிவிட்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விண்டோஸ் ஏற்றி முடித்தேன். முதல் வாரம் பறந்தது. மூன்றாவது மாதம் பழையபடி, ஆன் செய்துவிட்டுப் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் வாரம் பறந்ததற்குக் காரணம் புது டிஸ்க் இல்லை, புதிதாக ஏற்றிய விண்டோஸ் என்று அப்புறம்தான் உறைத்தது.

அதனால் காசை எடுப்பதற்கு முன்னால் டிஸ்க்தான் குற்றவாளியா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக நீங்கள் திட்டிக்கொண்டே செய்யும் வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் கீழே படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்றுதான் காட்டுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், உங்களுக்குத் தேவை வேகம். டிஸ்க் சும்மா இருந்து ப்ராசஸர் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க் மாற்றி ஒரு பயனும் இல்லை. மெமரியையும் ஒரு பார்வை பாருங்கள். 4 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு பிரவுசரில் பதினைந்து டேப் திறந்தால், ரேமில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுக்கும், அப்போது டிஸ்க் மேல்தான் பழி விழும். அங்கே ரேமையும் சேர்த்துக் கூட்டுவதுதான் சரி.

ஒன்றிரண்டு எம்பிக்கே 100 சதவீதமா, பெட்டியில் நொடிக்கு 100 எம்பி போகும் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த 100 எம்பி பொய் இல்லை. ஒரே பெரிய சினிமா ஃபைலை ஒரு டிஸ்க்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அந்த வேகம் கிடைக்கும். அது கோயம்புத்தூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிற மாதிரி, கியரை மாற்றாமல் போய்க்கொண்டே இருக்கலாம். விண்டோஸ் ஆன் ஆவதும், கணக்கு எழுதும் டேலி திறப்பதும், பிரவுசர் தன் குப்பைகளைத் தேடுவதும் அப்படி இல்லை. அதெல்லாம் ஏற்காடு மலைப்பாதை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள், ஒன்று இங்கே, அடுத்தது எங்கேயோ. ஒவ்வொன்றுக்கும், டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டைப் படிக்கிற முள் இடம் மாறிப் போய் நிற்க வேண்டும், தட்டு சுற்றி வந்து சரியான இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கணக்கு போட்டே பார்க்கலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் அதிகம் வருவது நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி, சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருந்தால் ஐந்தரை. முள் நகர்வதற்குச் சுமார் 12. ஆக ஒரு சின்ன ஃபைலைத் தொடுவதற்கே பதினேழு பதினெட்டு மில்லி நொடி, நொடிக்கு அறுபது தடவைகூடத் தேறாது. ஒவ்வொரு தடவையும் எடுப்பது 4 கேபி என்று வைத்துக்கொண்டால் நொடிக்குக் கால் எம்பிகூட வரவில்லை. அந்த 100 சதவீதத்துக்கு அர்த்தம் இதுதான். முள் ஓய்வே இல்லாமல் அலைகிறது, கையில் கிடைப்பதோ கொஞ்சம்.

சரி, 7200 சுற்று டிஸ்க் வாங்கினால்? ஒரு காலத்தில் இதைத்தான் வேகம் என்று விற்றார்கள், பழைய ஸ்டாக் வைத்திருக்கும் கடைகளில் இன்னமும் சொல்வார்கள். பாதிச் சுற்றுக் காத்திருப்பு 5.5 மில்லி நொடியில் இருந்து 4.2 ஆகக் குறையும், முள் நகரும் நேரம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிற லாபம். ஏற்காடு அடிவாரத்தில் இருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு, 100 சிசி வண்டியோ புல்லட்டோ, வளைவுக்கு வளைவு எல்லாரும் பிரேக்கைத்தான் மிதிக்கிறார்கள். எஸ்எஸ்டி என்பது சிப்பில் எழுதி வைக்கிற டிஸ்க், அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எந்த இடத்தைத் தொடுவதற்கும் சுமார் 0.1 மில்லி நொடி. வளைவே இல்லாத பாதை. அதனால் வேகம் என்ற பேச்சு வந்தால் 5400-ஆ 7200-ஆ என்ற வாதத்தில் இறங்கவே வேண்டாம், எஸ்எஸ்டியா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

இடம் வேண்டும் என்று பெரிய ஹார்ட் டிஸ்க்கை உள்ளே போடுவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். லேப்டாப்புக்கான 1 டிபி, 2 டிபி டிஸ்க்குகளில், அதிலும் 7 மில்லிமீட்டர் தடிமனில் வருபவற்றில், பல எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. நம் ஊர் ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். இந்த டிஸ்க்குகளும் தடங்களை அப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித்தான் அவ்வளவு சின்ன இடத்தில் 2 டிபியைத் திணிக்கின்றன. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டுப் படிப்பதற்கு நல்ல சாமான். விண்டோஸை அதில் ஏற்றி, அது நாள் முழுக்க எதையாவது எழுதிக்கொண்டே இருந்தால் மூச்சு வாங்கும். என் 2 டிபி டிஸ்க்கை லேப்டாப்பில் இருந்து கழற்றி வெளியே இருந்து செருகும் யுஎஸ்பி கேஸில் போட்டபிறகு அதன் மேல் இருந்த கோபம் போய்விட்டது, அதன் இடம் அதுதான்.

இனி இடத்துக்கு வருவோம். உங்களிடம் எவ்வளவு ஃபைல் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், தினமும் எவ்வளவைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போனால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரியும். ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதும் என் மச்சானின் லேப்டாப் "நிறைந்து" போனபோது அப்படித்தான் பார்த்தோம். டேலி டேட்டா, எக்செல், ரசீதுகளின் பிடிஎஃப் எல்லாம் சேர்த்து 10 ஜிபி தாண்டவில்லை. மிச்சம் முழுக்க போனில் இருந்து வருஷா வருஷம் கொட்டி வைத்த படங்கள், அதிலும் பாதி ஒன்றே மூன்று தடவை, அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் குட் மார்னிங் வீடியோக்கள். 500 ஜிபியில் அவர் அன்றாடம் தொடுவது விண்டோஸையும் சேர்த்து 80 ஜிபி. அவருக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ளே, பழைய ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி கேஸில் வெளியே. மாற்றிக் கொடுத்த அன்று ஆன் செய்து பார்த்தவர், "ஏனுங்க மாப்ள, வேற லேப்டாப்பக் குடுத்துட்டீங்களா" என்றார்.

எல்லாருக்கும் இதே பதில் பொருந்தாது. என் பெரியம்மா மகன் கல்யாண போட்டோ எடுப்பவன். ஒரு முகூர்த்தத்துக்கு கேமரா சுருக்காமல் எழுதும் ரா ஃபைல்களும் வீடியோவும் சேர்த்து 200 ஜிபி சர்வ சாதாரணம், வைகாசி ஆவணி வந்தால் வாரத்துக்கு மூன்று கல்யாணம். 500 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தால் பாவம் அவன் எடிட் செய்வதை விட்டுவிட்டு ஃபைலை உள்ளே வெளியே மாற்றிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பான். அவன் தினமும் தொடுவதே பெரிது. அவனுக்கு 2 டிபி எஸ்எஸ்டிதான் நியாயம், அதற்குக் காசு இல்லையென்றால் 1 டிபி எஸ்எஸ்டியில் நடப்பு வேலையும், ஆல்பம் கொடுத்து முடிந்தவை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும். மலை மேல் நெட் சரியாக வராத கிராமத்தில் இருந்துகொண்டு, ஊருக்குள் இறங்கும்போதெல்லாம் பாட வீடியோக்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கும் இடம் முக்கியம்தான். ஆனால் வீடியோ பார்ப்பது கோயம்புத்தூர் ரோட்டு வேலை, அதற்கு மலிவான வெளி ஹார்ட் டிஸ்க்கே தாராளம்.

அளவு பார்க்கும்போது பெட்டியில் போட்டிருப்பது முழுசாகக் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் 256 ஜிபி என்பது 238 என்றும் 500 என்பது 465 என்றும் 1 டிபி என்பது 931 என்றும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் அதுவும் தடுமாறும், பத்து பதினைந்து சதவீதமாவது காலியாக விடுவது நல்லது. இதையெல்லாம் கழித்தால் 256-இல் மூச்சு விட இடமில்லை, என்னைக் கேட்டால் இன்றைக்கு 500-க்குக் கீழே வாங்க வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் இடம் கூடினாலும் இந்த மலைப்பாதை வேகம் கூடுவதில்லை, எஸ்எஸ்டியில் ஒரே மாடலின் பெரிய அளவு பெரும்பாலும் வேகமாகவே இருக்கும். உள்ளே சிப்புகள் அதிகம், ஒரே நேரத்தில் பல சிப்புகளில் எழுதலாம். ஆயுளும் கூடுதல். ஒரு செல்லில் மூன்று பிட் எழுதும் டிஎல்சி வகையில், 500 ஜிபி மாடல்கள் பலவற்றில் 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று போட்டிருப்பார்கள், தினமும் 20 ஜிபி எழுதினாலும் அது 40 வருஷக் கணக்கு, லேப்டாப் அதுவரை இருக்கப் போவதில்லை. ஒரே விலையில் இரட்டிப்பு இடம் தருகிறேன் என்று ஒரு எஸ்எஸ்டி வந்தால் மட்டும் அது ஒரு செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும் க்யூஎல்சியா என்று பாருங்கள். அதில் முதல் சில பத்து ஜிபி வேகமாக ஏறிவிட்டு அப்புறம் தொப்பென்று விழும். மச்சான் மாதிரி ஆட்களுக்கு அது தெரியவே தெரியாது, போட்டோக்கார தம்பிக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், இது அனுபவத்தில் சொல்வது. சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்று சந்தோஷமாக என்விஎம்இ என்ற வேகமான வகையை வாங்கிக்கொண்டு வந்து போட்டால், அந்த ஸ்லாட் சாட்டா என்ற பழைய வகையை மட்டும்தான் எடுக்கும் என்று அப்புறம் தெரிந்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே பபிள்கம் துண்டு மாதிரிதான், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மாடல் நம்பரைப் போட்டு கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடினால் ஸ்லாட் எத்தனை, எந்த வகை, எவ்வளவு நீளம் எல்லாம் இருக்கும். பழைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா இடம் மட்டும்தான் இருக்கும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்திருந்தால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ஸ்டோரேஜையே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், அங்கே வெளி டிஸ்க்கைத் தவிர வழியில்லை.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500, 7000, அதற்கு மேலும் போகும் என்று படித்துவிட்டு, சாட்டா மட்டும் இருக்கிறவர்கள் வருத்தப்பட வேண்டாம். அதுவும் கோயம்புத்தூர் ரோட்டுக் கணக்குதான். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் தூக்கிவாரிப் போடும், சாட்டாவில் இருந்து என்விஎம்இக்கு மாறினால் அன்றாட வேலையில் தேடித்தான் வித்தியாசம் பார்க்க வேண்டும். நொடிக்கு 280 எம்பிதான் தாங்கும் பழைய சாட்டா போர்டில் எஸ்எஸ்டி போட்டாலும் அதே கதை, நன்றாகவே ஓடும்.

இரண்டு இடம் இருக்கிற லேப்டாப் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். எம்.2-வில் எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ், பழைய ஹார்ட் டிஸ்க் அதன் இடத்திலேயே இருந்து படங்களைச் சுமக்கட்டும். டிவிடி டிரைவ் இருக்கிற பழைய லேப்டாப்பில் அதைக் கழற்றிவிட்டு கேடி என்ற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம், சட்டம் 9.5-ஆ 12.7-ஆ என்று அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை அந்தப் பக்கம் வைக்காதீர்கள், அங்கே வரும் இணைப்பு சில போர்டுகளில் வேகம் குறைவு.

மாற்றும் வேலை பயப்படுகிற அளவு இல்லை. பழைய டிஸ்க்கில் கடமுட என்று சத்தம் வந்தால் முதலில் முக்கியமானதை வேறெங்காவது எடுத்துவையுங்கள், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன் எல்லாம் அப்புறம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, முடிந்தால் அதை அணைத்துவிட்டே ஆரம்பியுங்கள். புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸில் போட்டு க்ளோன் செய்யலாம், எஸ்எஸ்டி கம்பெனிகள் பல இதற்கு இலவச மென்பொருள் தருகின்றன, க்ளோன்ஸில்லா என்ற மென்பொருள் எப்போதும் இலவசம். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், பல லேப்டாப்புகளில் உள்ளே நீல நிறமாக இருக்கும். 400 ஜிபியை நகலெடுக்க அதில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும், யுஎஸ்பி 2-வில் மூன்று மணி நேரத்துக்கு மேல். என் வழக்கம் க்ளோன் செய்யாமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான், அஞ்சு வருஷக் குப்பையை ஏன் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சில புதிய இன்டெல் லேப்டாப்புகளில் விண்டோஸ் ஏற்றும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்று வரும், எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம், பயாஸில் விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் செட்டிங் ஆனில் இருப்பதுதான் காரணமாக இருக்கும்.

பின்பக்க மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையிலேயே ஒரு காகிதத்தில் வையுங்கள், நீளம் வேறு வேறாக இருக்கும், நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். எஸ்எஸ்டி போட்டபிறகு சிதறிய ஃபைல்களைச் சேர்த்து வைக்க டீஃப்ராக் செய்கிறேன் என்று எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள், எந்த இடமெல்லாம் காலியானது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்க்கும் சித்தப்பா ஒரு தடவை கேட்டார், மலை மேல் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெடுமா என்று. கேள்வி சும்மா இல்லை. தட்டுக்கு மேல் அந்த முள் காற்றின் மேல்தான் மிதக்கிறது, காற்று மெலிந்தால் மிதப்பு குறையும், அதனால்தான் சுமார் 3000 மீட்டர் உயரம் வரை என்று டிஸ்க்கின் விவரத்தாளிலேயே போட்டிருப்பார்கள். ஏற்காடு 1500 மீட்டர்தான், கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது லேப்டாப்பை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வளைவு வளைவாக இறங்குவதற்கு. சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் அந்தக் குலுக்கலைத் தாங்காது, எஸ்எஸ்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே எஸ்எஸ்டிக்கு மாறலாம். டிசம்பர் மூடுபனியில் வண்டியில் கிடந்து ஜில்லென்று ஆன டிஸ்க்கை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே செருகாமல் ஒரு மணி நேரம் விடுங்கள், உள்ளே ஈரம் பூத்திருக்கும்.

வெளியே வந்த பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது அப்படியே இருக்கட்டும், டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர், எங்கேயோ ஒரு டிஜிட்டல் கையெழுத்து ஃபைல் என்று ஏதாவது ஒன்று இரண்டாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும். அதற்கப்புறம் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஏற்கனவே அஞ்சு வருஷம் ஓடிய டிஸ்க், பிள்ளைகளின் படம் அதில் மட்டும் இருக்கக் கூடாது, இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வேண்டும். அந்த இரண்டாவது நகலுக்கு எஸ்எஸ்டி வாங்கி பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், கரன்ட்டே காட்டாமல் கிடந்தால் அதில் இருப்பது மெல்ல மெல்ல அழிந்துபோக வாய்ப்புண்டு, அந்த வேலைக்கு மட்டும் இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்தான். மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி எந்த வருஷத்துப் படம் என்று எழுதி வையுங்கள், எங்கள் வீட்டு பீரோவில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி நான்கு இருக்கிறது, பாப்பாவின் காதுகுத்துப் படம் கேட்டால் இன்னமும் ஒவ்வொன்றாகச் செருகித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.